கண்ணுக்குத் தெரியாத கூடு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியா கிழக்கே போய்க்கிட்டே இருந்தா மரக்காணம் வரும். அங்க கடலை ஒட்டி இருக்கிற பெரிய சதுப்பு நிலம்தான் கழுவேலி. 5,100 ஹெக்டேருக்கு மேல. 2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு இதைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சது. 2024-ல ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்துடுச்சு.

இந்த மாதிரி இடத்துக்குப் போறவங்க வலசை வர்ற பறவைகளைத்தான் தேடுவாங்க. நாம இன்னைக்குப் பேசப் போறது நம்ம ஊர்லயே தங்கி முட்டையிடுற புள்ளிமூக்கு வாத்து பத்தி. இதுக்குக் கூடு மரத்துல இல்ல, தரையில. தண்ணி ஓரத்துப் புல்லுக்கும் கோரைக்கும் நடுவுல. எட்டு, பத்து முட்டை. சுமார் 24 நாள் அடைகாக்கணும். நரி, கீரி, காக்கா எல்லாம் சுத்துற இடத்துல அந்தத் தாய்க்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, காய்ஞ்ச புல்லு மாதிரியே இருக்கிற அந்தப் பழுப்பு நிறச் செதில் இறகுதான். அசையாம உட்கார்ந்தா, பக்கத்துல நின்னாலும் தெரியாது.

இந்த மங்கின நிறத்தை ஒரு பெரிய கேள்வியா எடுத்துக்கிட்டவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். ஆண் பறவை ஏன் பளபளன்னு இருக்கு? பெண்கள் அதைத் தேர்ந்தெடுத்ததாலன்னு டார்வின் சொன்னார். வாலஸ் கேள்வியையே திருப்பிப் போட்டார்: பெண் ஏன் மங்கலா இருக்கு? 1868-ல பறவைக் கூடுகள் பத்தி எழுதின கட்டுரையில அவர் சொன்ன பதில், திறந்த கூட்டுல உட்கார்ந்து அடைகாக்குற தாய்க்கு மறைஞ்சிருக்க வேண்டிய தேவை இருக்குங்கிறதுதான். நம்ம ஊருக்குக் குளிர்காலத்துல வர்ற ஊசிவால் வாத்தைப் பாருங்க. ஆண் அவ்வளவு அழகு, பெண் வெறும் பழுப்பு. அந்த ஆணும் இனப்பெருக்கம் முடிஞ்சு, பறக்குற இறகுகள் மொத்தமா உதிர்ந்து, சில வாரம் பறக்க முடியாம இருக்கும்போது பழுப்பு நிறத்துக்கு மாறிடும்.

இப்ப வரலாற்றுக்கு வருவோம். வேடந்தாங்கல்ல பறவைகளைச் சுடுறதை மக்கள் எதிர்த்தாங்க. 1798-ல கலெக்டர் லயனல் பிளேஸ் அவங்களுக்கு எழுத்துல பாதுகாப்பு உரிமை கொடுத்தார். ஏரிக்குள்ள இருக்கிற மரங்கள்ல நாரையும் நீர்க்காகமும் கூட்டமா கூடு கட்டும். அதுங்களோட எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரம். ஆக, பறவையும் கண்ணுக்குத் தெரிஞ்சது, பலனும் தெரிஞ்சது.

தரையில ஒளிஞ்சிருக்கிற வாத்துக்கு இந்த ரெண்டுமே இல்லை. அதோட வீடு, பார்க்கிறவங்களுக்குச் சும்மா கிடக்கிற புல்லு. ஓஎம்ஆர்ல வேலை பார்க்கிறவங்களுக்குப் பள்ளிக்கரணை தெரியும். அந்தச் சதுப்பு நிலத்தோட ஒரு பகுதியில பெருங்குடி குப்பைமேடு வந்தது, சுத்தி கட்டடங்கள் வந்தது. ஓரம் போனா தண்ணி மிஞ்சலாம், கூடு மிஞ்சாது.

நரியை ஏமாத்துற அதே நிறம் நம்மளையும் ஏமாத்துது. அதனால அடுத்த தடவை ஏதாவது ஒரு ஏரிக்கரையில "சுத்தம் பண்றோம்"னு கோரையை மொத்தமா வழிச்சு எடுக்கிறதைப் பார்த்தா, ஒரு கேள்வி கேளுங்க: உள்ள யாராவது அடைகாத்துக்கிட்டு இருக்காங்களான்னு பார்த்தீங்களா?