மேனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் கார்: முறையாக ஓட்டிப் பழகுவது எப்படி?

பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காரைத் தேடிப் பிடித்து வாங்கும் நம் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1.8 லிட்டர் இயந்திரம், ஐந்து கியர், லோட்டஸ் பொறியாளர்கள் கைவைத்த சஸ்பென்ஷன். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் டொயோட்டா ஜிஆர்86, மஸ்டா எம்எக்ஸ்-5, அல்லது மேனுவல் கியரில் மட்டுமே வரும் ஹோண்டா சிவிக் டைப் ஆர் பக்கம் போகிறார்கள். கார் வாங்கக் கடன் கிடைத்துவிடுகிறது. அதை ஓட்டச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. வாகனமோட்டும் பள்ளியில் மேடு ஏறுவதும், பார்க்கிங் போடுவதும், சாலையில் ஒரு சுற்று வருவதும் உரிமம் எடுக்கப் போதும். 200 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள காருக்கு அது போதாது.

முதலில் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். ‘டிஏ’ என்று இருந்தால் ஆட்டோ கார் மட்டுமே ஓட்டலாம். மேனுவல் காருக்கு ‘டி’ வேண்டும். ‘டிஏ’ வைத்துக்கொண்டு மேனுவல் காரை ஓட்டி விபத்தில் சிக்கினால் சம்மனோடு போகாது, காப்புறுதி நிறுவனமும் இழப்பீட்டைக் கொடுக்க மறுக்கலாம். பயிற்சி எடுத்துத் தேர்வில் தேறி ‘டி’க்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அதை முடித்துவிட்டுக் காருக்கு முன்பணம் கட்டுங்கள்.

இருக்கையை நம்மில் பலர் பின்னால் சாய்த்துப் போட்டுக்கொள்கிறோம். பார்க்க ஸ்டைலாக இருக்கும், ஓட்ட உதவாது. கிளட்ச்சை அடிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். சிலிப்பரோடு ஓட்ட வேண்டாம். மெல்லிய அடிப்பாகம் உள்ள சப்பாத்துதான் மிதியின் அசைவைக் காலுக்குச் சொல்லும்.

இனி கிளட்ச். குடும்பக் காரில் பழகியவர்கள் ஸ்போர்ட்ஸ் காரில் ஏறிய முதல் நாளே இரண்டு மூன்று முறை இயந்திரத்தை அணைத்துவிடுவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தக் கார்களில் பெரும்பாலும் கிளட்ச் கடினமாக இருக்கும், ஃபிளைவீல் இலேசாக இருக்கும். அதனால் இயந்திரச் சுழற்சி சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத சமதளமான இடத்துக்குப் போங்கள். முதல் கியரைப் போட்டு, எக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் மெதுவாக விடுங்கள். ஓர் இடத்தில் சுழற்சி முள் இலேசாக இறங்கும், காரின் மூக்கு அசையும். அதுதான் பிடிக்கும் இடம். அங்கே ஒரு நொடி நிறுத்தினால் கார் தானாக நகரும். இருபது முறை செய்யுங்கள். அந்த இடம் காலுக்கு மனப்பாடமான பிறகு எக்சிலரேட்டரைச் சேர்க்கலாம்.

மேட்டில் நெரிசலில் நிற்கும்போது ‘ஹாஃப் கிளட்ச்’சில் காரைப் பிடித்து வைப்பதைச் சிலர் திறமை என்று நினைக்கிறார்கள். கிளட்ச் பிளேட் அங்கேதான் தேய்கிறது. ஹேண்ட்பிரேக் போட்டு நில்லுங்கள். ஓடும்போது இடது காலைக் கிளட்ச் மிதியின் மேலேயே வைத்திருப்பதும் அப்படித்தான். உள்ளே இருக்கும் பேரிங் நாள் முழுக்கச் சுற்றித் தேயும். ஸ்போர்ட்ஸ் காருக்கு முழு கிளட்ச் மாற்றினால் பலருக்கு ஒரு மாதச் சம்பளம் போய்விடும்.

கியரை இறக்கும் முறைதான் இந்தப் பாடத்தின் நடுப்பகுதி. நான்காம் கியரில் 3,000 சுழற்சியில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் மூன்றாம் கியருக்கு வந்தால், பெரும்பாலான கார்களில் இயந்திரம் 4,000-ஐ ஒட்டிச் சுழல வேண்டும். அந்த வித்தியாசத்தை நீங்கள் ஈடுகட்டாமல் கிளட்ச்சை விட்டால், சக்கரங்கள்தான் இயந்திரத்தை இழுத்து வேகப்படுத்த வேண்டியிருக்கும். கார் குலுங்கும். பின்சக்கர இழுவை உள்ள ஜிஆர்86, எம்எக்ஸ்-5 போன்ற கார்களில், மழை பெய்த சாலையில், வளைவுக்கு நடுவே இப்படிச் செய்தால் பின் டயர் ஒரு கணம் பிடியை இழக்கும். வால் பக்கம் வீசும்.

இதற்கு மருந்து எளிது. கிளட்ச் மிதித்திருக்கும் நேரத்தில் எக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, நம்மவர் சொல்வது போல ‘எண்ணெய் அமுக்கி’, சுழற்சியை ஏற்றிவிட்டுக் கிளட்ச்சை விடுங்கள். சரியாக அமைந்தால் கியர் மாறியதே பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இது ஏதோ பந்தயக்காரர்களின் புது வித்தை அல்ல. கியர்களின் வேகத்தைத் தானாக ஒத்திசைக்கும் அமைப்பு இல்லாத அந்தக் காலத்து லோரிகளில், கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் எண்ணெய் அமுக்கினால்தான் கியர் விழும். தோட்டத்தில் லோரி ஓட்டிய பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், காலை ஆட்டிக் காட்டுவார்.

வலது காலின் முன்பகுதியால் பிரேக்கை மிதித்தபடியே, அதே காலின் ஓரத்தால் எக்சிலரேட்டரைத் தட்டுவது அடுத்த படி. ‘ஹீல் அண்ட் டோ’ என்பார்கள். அவசரப்பட வேண்டாம். முதலில் நிற்கும் காரில் பழகுங்கள். பிறகு பிரேக் இல்லாமல் தட்டிக் கியர் இறக்கப் பழகுங்கள். இரண்டும் கைவந்த பிறகே சேருங்கள். புதியவர்கள் எக்சிலரேட்டரைத் தட்டும்போது பிரேக்கையும் சேர்த்துக் குத்திவிடுவார்கள், பின்னால் வருபவர் பாவம். சிவிக் டைப் ஆரில் கணினியே சுழற்சியை ஏற்றிக் கொடுக்கும், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். கற்கும்போது அணைத்து வைப்பதே நல்லது என்பேன்.

ஒரு தவறு மட்டும் மன்னிக்காது. மூன்றாம் கியரில் 6,500 சுழற்சியில் போகும்போது, நான்காவதுக்குப் பதில் கை இரண்டாவதில் போட்டுவிட்டால், கிளட்ச்சை விட்டதும் இயந்திரம் 9,000-ஐத் தாண்டும். அதிவேகத் தடுப்பு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது எரிபொருளைத்தான் நிறுத்தும், சக்கரம் இயந்திரத்தைச் சுற்றுவதை நிறுத்தாது. வால்வு வளைந்து இயந்திரமே போகலாம். பெரும்பாலும் கியர்க்கம்பியை முறுக்கிப் பிடித்து இழுப்பதால்தான் இது நடக்கிறது. உள்ளங்கையால் தள்ளுங்கள், மிச்சத்தைக் கம்பியின் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும்.

வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே, பிரேக்கும் கியரும் முடிந்திருக்க வேண்டும். வளைவுக்குள் பயந்து எக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் இலேசாகிவிடும். சத்ரியா போன்ற முன்சக்கர இழுவைக் கார்களும் இதற்கு விலக்கல்ல.

கெந்திங் மலையிலிருந்தோ, கேமரன் மலையிலிருந்து தாப்பா பக்கமோ இறங்கும்போது, ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ ஏறக்குறைய அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய கார்களில் கியரில் இறங்கும்போதுதான் எரிபொருள் நிற்கும், நியூட்ரலில் இயந்திரம் அணையாமல் இருக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். பிரேக்கையே நம்பினால் அது சூடேறும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்த, 40-இல் நிறுத்துவதைப் போல நான்கு மடங்கு வெப்பம் பிறக்கிறது. ஒருமுறை நானும் அப்படி இறங்கி, கருகிய வாடை வந்து, மிதி பஞ்சுபோல் உள்ளே போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, ஆறும்வரை நில்லுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

வேகத்தைப் பழக இடம் சாலை அல்ல. விரைவுச்சாலையில் வரம்பு 110 கிலோமீட்டர். அதை மூன்றாம் கியரிலேயே தொட்டுவிடும் கார் இது. 2002-இல் உலக ரேலி போட்டியின் புரொடக்‌ஷன் பிரிவில் வாகை சூடிய நம் நாட்டுக் கரம்ஜிட் சிங் நேரத்தோடு போட்டியிட்டது, பொதுமக்களுக்கு மூடப்பட்ட பாதைகளில். நமக்கு 5.543 கிலோமீட்டர் நீளச் செப்பாங் பந்தயத் தடம் இருக்கிறது. தனியார் கார்களை அனுமதிக்கும் நாள்களில் கட்டணம் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து ஓட்டலாம். ஒரு பயிற்றுநரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சுற்றும் நான்கு சுற்றில் தெரியவரும் பிழைகள், தனியாக ஓராண்டு ஓட்டினாலும் தெரியாது.

தடத்திலிருந்து வந்ததும் உடனே இயந்திரத்தை அணைக்காதீர்கள். டர்போ கார் என்றால் கடைசிச் சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். சூடான பிரேக்கில் ஹேண்ட்பிரேக்கை இழுக்க வேண்டாம். சமதளத்தில் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள்.