ஆர்கேட் மீளாக்கம்

ஆர்கேட் மீளாக்கம் என்பது, காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்காக உருவான பழைய வீடியோ கேமின் அடிப்படை விதியைக் காத்து, வீட்டுக் கன்சோலுக்கேற்பப் புதிதாக வடிவமைக்கப்பட்ட ஆட்டம். மூலத்தை அப்படியே பெயர்த்துத் தரும் பதிப்பு இதில் சேராது. மெருகேறிய படமும் ஒலியும் மேற்பூச்சுதான். உண்மையான மாற்றம் ஆட்டத்தின் காலக்கணக்கில் நிகழ்கிறது. ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் இயந்திரத்தில் அடுத்த காசு விழும். வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. நாம்கோவின் பாக்-மேனில் (1980) பாதையில் உள்ள புள்ளிகளைத் தின்று தீர்த்ததும் அதே பாதை மீண்டும் நிரம்பும். மூலத்தை உருவாக்கிய தோரு இவாத்தானியே வடிவமைத்து, 2007இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த 'பாக்-மேன் சாம்பியன்ஷிப் எடிஷன்' இதை மாற்றியது. களம் இடம், வலம் எனப் பிரிந்தது. ஒரு பாதியைக் காலிசெய்தால் மறுபாதியில் பழம் தோன்றும். அதைத் தின்றதும் காலியான பாதி புது அமைப்பில் நிரம்பும். உயிர் பிழைத்திருப்பது மட்டும் போதாது; 5 நிமிடத்துக்குள் எவ்வளவு மதிப்பெண் என்பதே கேள்வி.

இத்தகைய மீளாக்கம் மூலத்தைச் சிதைக்கிறது என்ற மறுப்பு உண்டு. மூலம் அழிந்துபோனால்தான் அந்த மறுப்பு செல்லும். அட்டாரியின் டெம்பெஸ்ட் (1981) ஆட்டத்தை ஜெஃப் மின்டர் 1994இல் ஜாகுவார் கன்சோலுக்காக 'டெம்பெஸ்ட் 2000' என மாற்றியமைத்தபோது, எதிரிகளைத் தாண்டிக் குதிக்கும் ஆற்றலைச் சேர்த்தார். பழைய ஆட்டத்தையும் தனித் தெரிவாக அதே கேட்ரிஜில் வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பார்ப்பவருக்கு மின்டர் எதைத் தொடாமல் விட்டார் என்பது விளங்கும்: குழாய் போன்ற களம், அதன் விளிம்பில் ஓடும் கலம், ஆழத்திலிருந்து ஏறிவரும் எதிரிகள்.