நைல் அளவைத்தூணும் பருவம் பிழைத்த ஆண்டுகளும்

மழை பெய்ய வேண்டிய காலத்தில் வெயில் கொளுத்துவதும், வெயில் காய வேண்டிய காலத்தில் வெள்ளம் புகுவதும் இன்று உலகெங்கும் பேசப்படும் செய்திகளாகிவிட்டன. இதைக் குறித்து இருவகைக் கருத்துகளை நாம் கேட்கிறோம். முன்னெப்போதும் இப்படி நிகழ்ந்ததில்லை என்பர் ஒரு சாரார். பருவம் பிழைப்பது உலகம் தோன்றிய நாள் முதல் உள்ளதுதான், இதில் அஞ்சுவதற்கு எதுவுமில்லை என்பர் மற்றொரு சாரார். இரண்டுமே வரலாற்றைச் சான்றுக்கு அழைக்கும் கூற்றுகள். ஆகவே, வரலாறு உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்பது நம் கடமையாகிறது. அச்சான்றுகளுள் மதிப்பு மிக்க ஒரு பகுதி அரபு மொழியில், முஸ்லிம் வரலாற்றாசிரியர்களின் ஏடுகளில் இருக்கிறது என்பது நம்மில் பலரும் அறியாத செய்தி.

பருவத்தைக் கணிப்பதில் இஸ்லாமிய அரசுகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. வணக்க வழிபாடுகளுக்கு அது பொருந்தும். விதைப்புக்கும் அறுவடைக்கும் பொருந்தாது. எனவே எகிப்தில் உழவுக்கும் நிலவரிக்கும் கிப்தியரின் சூரிய நாட்காட்டியும், இராக்கிலும் பாரசீகத்திலும் நவ்ரோஸ் கணக்கும் வழக்கில் நீடித்தன. காலப்போக்கில் நவ்ரோஸ் முன்னுக்கு நகர்ந்து, கதிர் முற்றும் முன்பே வரி கேட்கும் நிலை ஏற்பட்டது. குடிமக்களின் இத்துன்பத்தைக் கண்ட அப்பாஸிய கலீஃபா அல்முஃதழித், ஹிஜ்ரி 282-இல் (895) வரித் தொடக்க நாளை ஜூன் 11-க்குத் தள்ளிவைத்தார். பருவத்தைச் சரியாக அறிவது நீதியோடு தொடர்புடையது என்பதை அன்றைய ஆட்சியாளர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது ஒரு சான்று.

அளவைத்தூண்

இவ்வறிவின் மிகச் சிறந்த நினைவுச்சின்னம் கெய்ரோவில், நைல் நதியின் நடுவே, ரவ்ழா தீவில் நிற்கிறது. 'மிக்யாஸ்' எனப்படும் இந்த நீரளவை நிலையம், கலீஃபா அல்முத்தவக்கில் ஆணைப்படி ஹிஜ்ரி 247-இல் (861) எழுந்தது. இதனை அமைத்தவர் புகழ்பெற்ற வானியல் அறிஞர் அல்ஃபர்கானீ. கிணறு போன்ற ஆழமான கற்கட்டடம். அதன் நடுவே எண்கோண வடிவிலான சலவைக்கல் தூண். ஏறத்தாழ 54 சென்டிமீட்டர் கொண்ட முழங்களாகவும் விரற்கடைகளாகவும் அத்தூண் பகுக்கப்பட்டுள்ளது. சுவர்களில் நீரையும் விளைச்சலையும் பற்றிய இறைவசனங்கள் கூஃபி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இப்னு அபிர் ரத்தாத் என்பவரின் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக இதன் காப்பாளர்களாக இருந்து நீர்மட்டத்தைப் பதிவு செய்துவந்தனர்.

கோடையில் நைல் ஏறத் தொடங்கும். 16 முழத்தை எட்டினால் நாடு பிழைத்தது, கால்வாயைத் திறந்துவிட்டு விழா எடுப்பார்கள், நிலவரியும் நிலைபெறும். அதற்குக் குறைந்தால் வறட்சி. அளவு மீறினால் அழிவு. ஆகவே அந்த எண்ணுக்காக நகரமே காத்திருந்தது. நீர் ஏறத் தாமதமானால் தானிய வணிகர்கள் பண்டசாலைகளைப் பூட்டிக்கொள்வதும், விலை ஏறுவதும் வழக்கமாயிருந்தன. இதைத் தடுக்க ஃபாத்திமிய கலீஃபா அல்முஇஸ், ஹிஜ்ரி 362-இல் (973), 16 முழம் நிறையும்வரை நீர்மட்டத்தை வெளியே அறிவிக்கக்கூடாது என்று ஆணையிட்டார். பதுக்கலைத் தடுக்கும் நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டதுதான் அது. ஆயினும், இயற்கையைப் பற்றிய ஓர் எண்ணை யார் அறியலாம், யார் அறியக்கூடாது என்ற வினா ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டதை இங்கே காண்கிறோம்.

ஏழாம் நூற்றாண்டிலிருந்து திரட்டப்பட்ட நைல் நீர்மட்டக் கணக்குகள், மனித இனத்திடம் உள்ள மிக நீண்ட நீரியல் பதிவுகளுள் ஒன்று. 1906-இல் எகிப்துக்குப் பணிக்கு வந்த ஆங்கிலேய நீரியலறிஞர் ஹெரால்டு ஹர்ஸ்ட், இந்தக் கணக்குகளைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1951-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். வறண்ட ஆண்டுகள் தனித்தனியே வருவதில்லை, கூட்டமாக வருகின்றன. வளமான ஆண்டுகளும் அப்படியே. இறைத்தூதர் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் ஏழு செழுமை ஆண்டுகளும் ஏழு பஞ்ச ஆண்டுகளும் நம் நினைவுக்கு வருவது இயல்பே.

நதி ஏறாத ஆண்டுகள்

ஃபாத்திமிய கலீஃபா அல்முஸ்தன்ஸிர் காலத்தில், 1065 முதல் ஏறத்தாழ ஏழாண்டுகள் எகிப்தை வாட்டிய துயரம் அவர் பெயராலேயே 'அஷ்ஷித்தத்துல் முஸ்தன்ஸிரிய்யா' என்று வழங்கப்படுகிறது. நைல் பொய்த்தது பாதிக் காரணம். படைப்பிரிவுகள் தமக்குள் போரிட்டுக் கருவூலத்தைச் சூறையாடியது மறுபாதி.

ஹிஜ்ரி 596-இல் (1200) மீண்டும் நதி ஏறவில்லை. அப்போது கெய்ரோவில் வாழ்ந்தவர் பாக்தாதில் பிறந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப். நீர் 12 முழம் 21 விரற்கடையோடு நின்றுவிட்டதை அவர் எழுதிவைத்திருக்கிறார். ஊர்கள் காலியானதையும், மனிதர் மனிதரைத் தின்னும் கொடுமை நிகழ்ந்ததையும் அவர் நூலில் படிக்கும்போது நெஞ்சு நடுங்குகிறது. ஆனால் அவர் வெறும் புலம்பலோடு நிற்கவில்லை. வெள்ளம் வருமுன் நைல் நீர் பச்சை நிறமாக மாறியதை ஆராய்ந்தார். பஞ்சத்தில் இறந்தோரின் எலும்புக் குவியல்களைப் பார்வையிட்டு, மனிதனின் கீழ்த்தாடை ஒரே எலும்பால் ஆனது என்று கண்டு, அதற்கு மாறாகக் கூறிய கிரேக்க மருத்துவர் காலனைத் திருத்தினார். பேரழிவின் நடுவிலும் கண்ணால் கண்டதை எழுதும் அந்த நேர்மையே அவருடைய நூலை இன்று அறிவியல் சான்றாக்கியிருக்கிறது.

நைல் ஏன் ஏறவில்லை என்பதை அவர்கள் அறிய வழியில்லை. அந்த வெள்ளம் எத்தியோப்பிய மலைநாட்டின் கோடைப் பருவமழையிலிருந்து வருவது. அப்பருவமழை பசிபிக் கடலின் வெப்பநிலை மாற்றங்களோடும், ஏன், தொலைதூர எரிமலைகளோடும் தொடர்புடையது என்பது பிற்காலம் கண்ட உண்மை. 1783 ஜூன் மாதம் ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலை பிளந்து, எட்டு மாதங்கள் கந்தகப் புகையைக் கக்கியது. வடபாதி உலகின் நிலப்பரப்பு குளிர்ந்தது. நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறைந்ததால் ஆப்பிரிக்கப் பருவமழை நலிந்தது, நைல் தாழ்ந்தது. அக்காலத்தில் எகிப்தில் பயணம் செய்த பிரெஞ்சு அறிஞர் வோல்னே, மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு மாண்டோ வெளியேறியோ போனதாகக் குறிப்பிடுகிறார். ஐஸ்லாந்து மலைக்கும் கெய்ரோவின் பசிக்கும் உள்ள தொடர்பு 2006-இல் வெளிவந்த ஆய்வொன்றில்தான் விளக்கம் பெற்றது.

பாக்தாதில் பெய்த பனி

நைலைப் போலவே தஜ்லாவின் கரையும் சான்று தருகிறது. கோடையில் பாக்தாத் மக்கள் வீட்டு மொட்டைமாடியில் உறங்குவது வழக்கம். 920 ஜூலை மாதம் ஓர் இரவில், குளிர் தாங்காமல் மாடியிலிருந்து இறங்கி அவர்கள் கம்பளி போர்த்திக்கொண்டதாக வரலாற்றேடுகள் கூறுகின்றன. 908, 944, 1007 ஆகிய ஆண்டுகளில் அந்நகரில் பனி பொழிந்திருக்கிறது. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இத்தகைய அரபுக் குறிப்புகளைத் திரட்டி 2012-இல் வெளியிட்டனர். 920-இன் குளிருக்கு எரிமலை வெடிப்பொன்று காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். நம் காலத்தில் பாக்தாத் பனியைக் கண்டது 2008-இலும் 2020-இலும் மட்டுமே.

ஆக, பருவம் பிழைப்பது பழைய செய்திதான் என்போர் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியோடு நிறுத்திக்கொள்வது முறையாகாது. முற்காலத்துப் பிறழ்ச்சிகள் வந்தன, போயின. எரிமலைப் புகை ஓரிரு ஆண்டுகளில் படிந்துவிடும். நைல் மீண்டும் ஏறும். இன்றைய மாற்றமோ ஒரே திசையில் செல்வது. அப்பாஸியர் காலத்துக் காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததன் விளைவாக இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. உலகின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 பாகைக்கு மேல் சென்ற முதல் ஆண்டாக 2024 பதிவாகியுள்ளது. ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். அதனால்தான் ஒருபுறம் வெப்பமும் மறுபுறம் பெருமழையும் ஒருசேர வளர்கின்றன.

2016 ஜூலை 21 அன்று குவைத்தின் மித்ரிபாவில் 53.9 பாகை செல்சியஸ் பதிவானது. 2024 ஜூனில், ஹஜ் நாட்களில், மக்காவில் 51.8 பாகை. அவ்வாண்டு 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள். நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள். சந்திர ஆண்டின் சுழற்சியால் ஹஜ் இப்போது கோடையை விட்டு விலகி வருகிறது. 2040-களில் அது மீண்டும் கோடைக்குத் திரும்பும்போது வெப்பம் இன்றுள்ள அளவில் இராது.

மக்ரீஸியின் வினா

இங்கேதான் எகிப்திய வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸி நமக்குத் தேவைப்படுகிறார். 1403-இல் நைல் தாழ்ந்து பஞ்சம் வந்தது. அவ்வாண்டில் கொள்ளைநோய்க்குத் தம் மகளையும் அவர் பறிகொடுத்தார். அதன்பின் 'இகாஸத்துல் உம்மா' என்னும் சிறுநூலை எழுதினார். எகிப்து கண்ட பஞ்சங்களை வரிசைப்படுத்தி அவர் எழுப்பிய வினா இது: நதி முன்பும் தாழ்ந்ததுண்டே, இத்துயரம் மட்டும் ஏன் நீடிக்கிறது? பதவிகள் லஞ்சத்துக்கு விற்கப்படுவது, நிலக்குத்தகை தாங்கவொண்ணாது உயர்த்தப்பட்டது, செப்புக்காசு பெருகிப் பணமதிப்பு கெட்டது ஆகிய மூன்றையும் அவர் விடையாகச் சுட்டினார். நீர் குறைவது வானத்தின் செயல். அதைப் பஞ்சமாக்குவது மனிதரின் செயல் என்பது அவர் கண்ட முடிபு.

அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் லிபியாவின் தர்னா நகரம் இதை மெய்ப்பித்தது. 2023 செப்டம்பரில் தானியல் புயலின்போது அருகிலுள்ள அல்பைழாவில் 24 மணி நேரத்தில் 414 மில்லிமீட்டர் மழை கொட்டியது. புவி வெப்பமடைதல் இத்தகைய மழையின் வாய்ப்பைப் பன்மடங்கு பெருக்கியது என்று ஆய்வாளர் கணித்தனர். ஆனால் ஆயிரக்கணக்கானோரைக் கடலுக்கு அடித்துச் சென்றது நகருக்கு மேலிருந்த இரண்டு அணைகளின் உடைப்பு. அவற்றின் பராமரிப்புக்கென ஒதுக்கிய பணம் செலவிடப்படவில்லை என்பதை அரசுத் தணிக்கை அறிக்கை முன்னரே எடுத்துக்காட்டியிருந்தது. மக்ரீஸி இன்றிருந்தால் தம் நூலில் இன்னொரு இயலைச் சேர்த்திருப்பார்.

நம் கரையும் இதற்கு விலக்கன்று. ஆங்கிலத்தில் 'மான்சூன்' என வழங்கும் சொல்லே பருவம் என்னும் பொருளுடைய 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து போர்த்துகீசியர் வழியாகச் சென்றது. அந்தப் பருவக்காற்றை நம்பித்தான் பாரசீக வளைகுடாவின் குதிரைகள் மஅபர் கரைக்கு, காயல் துறைக்கு வந்தன. அதே கரையில், காயல்பட்டினத்தில், 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது அதிகம்.

1970-இல் அஸ்வான் பேரணை நிறைவுற்றபின் வெள்ளம் கெய்ரோவுக்கு வருவதில்லை. ரவ்ழாவின் தூண் இப்போது அளப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற பாடம் காலாவதியாகவில்லை. ஆண்டு தவறாமல் அளப்பது, அளந்ததை மறைக்காமல் வைப்பது, அந்த எண் கூறும் எச்சரிக்கையை ஆள்வோரிடம் வற்புறுத்துவது ஆகிய மூன்றும் சமுதாயக் கடமைகள். நம் கடலோர ஊர்களில் ஜமாஅத்துகள் பிறப்பையும் திருமணத்தையும் இறப்பையும் பல தலைமுறைகளாகப் பதிந்துவந்திருக்கின்றன. அதே ஏட்டில் மழையின் அளவும், கிணற்று நீரின் மட்டமும், கடல் ஏறிய தொலைவும் இடம்பெறலாம். அரசின் பெரும் நிலையங்கள் காணாதவற்றை ஊரின் ஏடு காணும். வடிகாலை அடைத்துக் கட்டிய கட்டடத்தையும், தூர்ந்துபோன குளத்தையும் குறித்துக் கேள்வி கேட்கும்போது நம் கையில் ஒரு சான்றும் இருக்கும்.