எடைக் கணக்கில் இல்லாத பெண்கள்

“அம்பத்தஞ்சுக்கு வாங்கம்மா, எல்லாம் சரியாயிடும்.”

இரண்டு வருடங்களுக்கு முன்னால் தி. நகரில் ஒரு கிளினிக்கில் என்னிடம் சொன்னது இது. அப்போது எனக்கு வயது 46, உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. சர்க்கரை எல்லையில் நின்றது. ஹீமோகுளோபின் 9.8 என்று அடுத்த தாளில் இருந்தது. அந்தத் தாளைப் பற்றி யாரும் பேசவில்லை. டயட் சார்ட்டோடு மயிலாப்பூருக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: இந்த 55 எங்கிருந்து வந்தது?

டாக்டர் போட்டது பி.எம்.ஐ. கணக்கு. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. 1830களில் பெல்ஜியக் கணிதவியலாளர் அடோல்ஃப் கெட்லே ‘சராசரி மனிதனை’த் தேடிப் போனபோது கண்ட சூத்திரம். யாரையும் இளைக்க வைப்பது அவர் நோக்கமே இல்லை. 1972இல் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். உடல் கொழுப்பை மதிப்பிட இருக்கிற சூத்திரங்களில் இது தேவலை என்றார். அதற்காக ஐந்து நாடுகளில் 7,400க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை எடுத்துக்கொண்டார். அத்தனை பேரும் ஆண்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

எடை பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே, குறிப்பாக வயிற்றில் சதை போட்டால், சர்க்கரை வருகிறது. அதனால்தான் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்கள் 23லேயே கவனமாக வேண்டும் என்றது. என் உயரத்துக்கு 23 என்றால் 55 கிலோ.

அதே 55ஐ இன்னொரு இடத்திலும் பார்த்தேன். நாட்டு மக்களுக்கு எவ்வளவு உணவு தேவை என்று கணக்கிட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு ‘மாதிரிப் பெண்’ணை வைத்திருக்கிறது. 1989 அறிக்கையில் அவள் எடை 50 கிலோ, 2010இல் 55. எடையை விடுங்கள், அவளுடைய நாளைப் பாருங்கள். எட்டு மணி நேரம் வேலை. எட்டு மணி நேரம் படுக்கை. நான்கு முதல் ஆறு மணி நேரம் உட்கார்வதும் நடமாடுவதும். நடை, விளையாட்டு, வீட்டு வேலை எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம்! மாதிரி ஆணுக்கும் அதே இரண்டு மணி நேரம்தான். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

என் நாளில் காலை ஆறு மணிக்கு அடுப்பு. எல்லோருக்கும் சூடாக இட்லி போய் முடிந்ததும், பத்தரைக்கு நின்றுகொண்டே மிச்சம். மதியம் குக்கரில் ஒட்டிய சோறு, வீணாகக் கூடாதே என்று வழித்துப் போட்டுக்கொண்ட ரசம். காய் அநேகமாகத் தீர்ந்திருக்கும். இரவு பத்து மணிக்கு, பையன் ஒதுக்கிவைத்த அரைச் சப்பாத்தி. சோறு மிஞ்சும், கறியும் கூட்டும் மிஞ்சாது. எடை ஏறுவதும் ரத்தம் குறைவதும் ஒரே தட்டில்தான் நடந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. டாக்டர் என்னிடம் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். எப்போது, யாருக்கு அப்புறம் என்று கேட்கவில்லை.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியான ஆய்வு ஒன்று இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சர்க்கரை எல்லையில் இருந்த 531 பேர். எந்த மாற்றமும் செய்யாத குழுவில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. தினமும் அரை மணி நடை, மாவுப் பண்டமும் எண்ணெயும் இனிப்பும் குறைவு, நார்ச்சத்து அதிகம் என்று மாறிய குழுவில் 39.3 சதவீதம்தான். வேடிக்கை என்னவென்றால், மாறியவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. முள் அசையாமலே நோய் தள்ளிப்போனது. அந்த 531 பேரில் பெண்கள் 110. ஆட்களைப் பெரும்பாலும் அலுவலகங்களில் தேடினார்கள். அடுப்படியில் இருப்பவள் அங்கே எப்படி அகப்படுவாள்?

சார்ட்டில் பதினொரு மணிக்கு மோர், நாலு மணிக்குச் சுண்டல் என்று இருந்தது. அதையும் நானேதான் செய்ய வேண்டும். சார்ட்டை மடித்து வைத்துவிட்டு இரண்டே காரியம் செய்தேன். எட்டு மணிக்கு எல்லோரோடும் உட்கார்ந்து, என் கீரையையும் பருப்பையும் முதலிலேயே தட்டில் எடுத்துக்கொண்டேன். மிச்சத்தை வழிப்பதை நிறுத்தினேன். “அம்மா, இன்னும் கொஞ்சம் பொரியல்” என்று கேட்டபோது பாத்திரம் காலி. முதல் வாரம் வீட்டில் முணுமுணுப்பு இருந்தது.

டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் விடாமல் போட்டேன். இன்று எடை 65. ஹீமோகுளோபின் 11.9. இடுப்பு 91இலிருந்து 85 செ.மீ.; நம் பெண்களுக்கு 80க்குள் என்கிறார்கள், பார்ப்போம். காலையில் நாகேஸ்வரராவ் பூங்காவில் அரை மணி நடக்கிறேன். அந்நேரத்தில் அங்கே ரிடையரான ஆண்கள்தான் அதிகம்.

ஆறு மணிக்குப் பால் காய்ச்சுவது இப்போது என் கணவர் வேலை. முதல் வாரத்தில் இரண்டு தடவை பொங்க விட்டார்.