வீட்டுச் சேமிப்பு வழங்கி

வீட்டுச் சேமிப்பு வழங்கி என்பது ஒரு வீட்டிலுள்ள கணினிகள், நகர்பேசிகள், தொலைக்காட்சி முதலியவை உள்ளூர் வலையமைப்பின் வழியாகப் பயன்படுத்தும் வண்ணம் கோப்புகளைப் பொதுவான ஓரிடத்தில் வைத்திருக்கும் கணினி ஆகும். இதற்கென்றே செய்யப்பட்ட கருவிகள் கடைகளில் விற்கப்படினும், பழைய மேசைக் கணினி ஒன்றையும் பிறர் பயன்படுத்திக் கழித்த வன்தட்டுகளையும் கொண்டு இதனைத் தாமே அமைத்துக் கொள்வோரும் பலர். குறைந்த செலவே இதற்கு முதன்மைக் காரணம். ஆயினும் வன்தட்டு தேய்ந்து பழுதாகும் இயல்புடையது. அதில் வைக்கப்படுபவையோ பெரும்பாலும் வேறெங்கும் மீண்டும் கிடைக்காத குடும்ப ஒளிப்படங்கள், நிகழ்படங்கள், ஆவணங்கள் போன்றவை. ஆதலால் இவ்வகை வழங்கியை அமைப்பதில் வன்தட்டுகளைத் தெரிவு செய்வதும், சோதிப்பதும், பழுதின்போது சரியான முடிவை எடுப்பதுமே முதன்மையான பணிகள் ஆகும்.

பின்னணி

மலிவான வன்தட்டுகள் பலவற்றை ஒன்றிணைத்து நம்பகமான சேமிப்பகம் ஒன்றை உருவாக்கலாம் என்னும் எண்ணம் புதிதன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்சு ஆகியோர் 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இம்முறைக்கு ரெய்டு என்னும் பெயரை வழங்கியது. அப்பெயரில் அடங்கிய சொற்களுள் ஒன்று "மலிவான" என்று பொருள்படுவது. பிற்காலத்தில் தொழில்துறையினர் அதனைத் "தனித்தனியான" என்று பொருள்படும் சொல்லாக மாற்றிக் கொண்டனர். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் சுருக்கப்பெயர் மாறவில்லை. பழைய வன்தட்டுகளைக் கொண்டு வழங்கி அமைப்போர், அறிந்தோ அறியாமலோ, முதற்பொருளுக்கே திரும்பியுள்ளனர் எனலாம்.

வீட்டிலேயே இதனைச் செய்வதற்குக் கட்டற்ற மென்பொருள்கள் வழிவகுத்தன. விண்டோசுக் கணினிகளுடன் கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா மென்பொருளை ஆத்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்சல் 1990களின் தொடக்கத்தில் எழுதினார். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமையின் மூலநிரல் 2005 ஆம் ஆண்டில் திறந்து விடப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட ஃப்ரீநாஸ், சேமிப்பு வழங்கிக்கென்றே அமைந்த இயங்குதளம் ஆகும். 2020 ஆம் ஆண்டில் இதன் பெயர் ட்ரூநாஸ் என மாற்றப்பட்டது. லினக்சை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்மீடியாவால்ட் 2011 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பயன்படுத்திய வன்தட்டுகள்

தரவு மையங்கள் தங்கள் வன்தட்டுகளை உத்தரவாதக் காலம் முடியும் தறுவாயில், அவை நன்கு இயங்கிக் கொண்டிருந்தாலும், மொத்தமாக மாற்றுவது வழக்கம். அவ்வாறு கழிக்கப்படுபவை மறுவிற்பனைக்கு வருகின்றன. சீரான வெப்பநிலையில், இடைவிடாது சுழன்றபடி இருந்தவை ஆதலால், 40,000 மணி நேரம் ஓடிய தரவு மைய வன்தட்டு, அடிக்கடி நிறுத்தி இயக்கப்பட்டும் கீழே விழுந்தும் உழன்ற வெளிப்புற வன்தட்டைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும். ஓடிய மணி நேரத்தை மட்டும் கொண்டு மதிப்பிடுவது பொருந்தாது.

விற்பனையாளர் காட்டும் மணிக்கணக்கை அப்படியே நம்புவதும் பொருந்தாது. வட்டில் காலியிடத்தை அடிப்படையாகக் கொண்ட சியா என்னும் எண்மச் செலாவணி 2021 ஆம் ஆண்டில் அறிமுகமானபோது பெருங்கொள்ளளவு வன்தட்டுகள் ஏராளமாக வாங்கப்பட்டன. அதன் மதிப்புச் சரிந்த பின்னர் அவை சந்தைக்குத் திரும்பின. பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் வன்தட்டுகள், மணிக்கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டதை 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செருமானியக் கணினி இதழான ஹைசெ வெளிக்கொணர்ந்தது. வழக்கமான பதிவேடு அழிக்கப்பட்டிருந்தபோதும், அவ்வன்தட்டுகள் தனியே வைத்திருக்கும் ஃபார்ம் என்னும் மற்றொரு பதிவேடு உண்மையான மணிக்கணக்கைக் காட்டிக் கொடுத்தது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளின் அண்மைக்காலப் பதிப்புகள் இதனைப் படிக்க வல்லவை.

வாங்குமுன் இணைப்பு வகையையும் அறிந்திருத்தல் வேண்டும். தரவு மையங்களிலிருந்து வருபவற்றுள் பல சாஸ் இணைப்பு கொண்டவை. இவற்றைச் சாதாரணத் தாய்ப்பலகையின் சாட்டா துளையில் பொருத்த இயலாது. தனியான கட்டுப்படுத்தி அட்டை தேவை. சாட்டா வன்தட்டைச் சாஸ் அட்டையில் பொருத்தலாம். சேமிப்புப் பெட்டகங்களில் இருந்த சில சாஸ் வன்தட்டுகளில் செக்டர் ஒன்றின் அளவு 512 பைட்டுகளுக்குப் பதிலாக 520 பைட்டுகளாக இருக்கும். கணினி அவற்றைக் கண்டறிந்தாலும் பயன்படுத்த மறுக்கும். உரிய கருவியால் 512 பைட்டு அளவுக்கு மறுவடிவமைத்தால் போதும். பெரிய வன்தட்டுகளில் இதற்குப் பல மணி நேரம் ஆகும்.

எஸ்.எம்.ஆர். எனப்படும், ஓட்டு வேய்ந்தாற்போல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பதிவு முறையைக் கொண்ட வன்தட்டுகள் இப்பணிக்கு ஏற்றவை அல்ல. ஒரு தடத்தை மாற்றி எழுத அண்டைத் தடங்களையும் எழுத வேண்டியிருப்பதால், தொடர்ந்து எழுதும்போது இவற்றின் வேகம் வெகுவாகக் குறையும். சேமிப்பு வழங்கிக்கென விற்கப்பட்ட தனது ரெட் வரிசை வன்தட்டுகள் சிலவற்றில் இம்முறை கையாளப்பட்டதை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2020 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. எனவே வன்தட்டின் மாதிரி எண்ணைக் கொண்டு பதிவு முறையை உறுதி செய்து கொள்வது நலம்.

சோதனை

வன்தட்டுகள் தம் நிலையைத் தாமே பதிந்து வைக்கும் முறை ஸ்மார்ட் எனப்படும். இதில் உள்ள பல எண்களுள் சிலவே பயனுடையவை. 5 ஆம் எண் பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்களையும், 187 ஆம் எண் திருத்த இயலாத பிழைகளையும், 197 ஆம் எண் படிக்க இயலாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்களையும் குறிக்கும். இவற்றுடன் 188, 198 ஆகியவற்றையும் சேர்த்து ஐந்து எண்களைத் தாம் முதன்மையாகக் கவனிப்பதாக, 2013 முதல் தனது வன்தட்டுகளின் பழுது விவரங்களை வெளியிட்டு வரும் பேக்பிளேஸ் நிறுவனம் தெரிவித்துள்ளது.

இந்த எண்கள் யாவும் சுழியமாக இருப்பதால் மட்டும் ஒரு வன்தட்டு நலமானது என்று கொள்ள முடியாது. கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த மூவர், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையின்படி, முதல் வாசிப்புப் பிழையைக் காட்டிய வன்தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழை காட்டாததைவிட 39 மடங்கு மிகுதி. அதே ஆய்வில், பழுதானவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை முதன்மையான நான்கு அறிகுறிகளுள் எதனையும் முன்கூட்டிக் காட்டவில்லை. அறிகுறி தோன்றினால் ஐயப்படலாம்; தோன்றாவிடில் நிம்மதி அடைய முடியாது.

இதனால், தரவை ஏற்றுமுன் வன்தட்டு முழுவதையும் எழுதிப் படித்துப் பார்க்கும் வழக்கம் உள்ளது. லினக்சில் உள்ள பேட்பிளாக்ஸ் கருவி நான்கு வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து ஒப்பிடும். இச்சோதனை வன்தட்டில் உள்ள அனைத்தையும் அழித்துவிடும். நொடிக்குச் சராசரியாக 150 மெகாபைட்டு வேகம் உடைய 4 டெராபைட்டு வன்தட்டை ஒருமுறை கடக்க ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். எட்டு முறை கடக்க வேண்டியிருப்பதால் மொத்தம் இரண்டரை நாட்கள் பிடிக்கும். பெரிய வன்தட்டுகளுக்குத் தொகுதி அளவை 4096 பைட்டுகள் எனக் குறிப்பிடாவிடில் கருவி ஓட மறுக்கும். சோதனைக்கு முன்னும் பின்னும் ஸ்மார்ட் எண்களைக் குறித்து ஒப்பிடுவதே இதன் பயன். ஓட்டத்தின்போது 5 ஆம் எண்ணோ 197 ஆம் எண்ணோ உயர்ந்து கொண்டே சென்றால் அவ்வன்தட்டைத் திருப்பி அனுப்புவதே முறை.

பிற உறுப்புகள்

செயலி பெரிதாக இருக்கத் தேவையில்லை. பத்தாண்டுப் பழமையான மேசைக் கணினியே கோப்புப் பகிர்வுக்குப் போதுமானது. பிழை திருத்தும் நினைவகம் விரும்பத்தக்கது, ஆயினும் கட்டாயமன்று. மின்வழங்கியில் மட்டும் சிக்கனம் கூடாது. 3.5 அங்குல வன்தட்டு ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். எட்டு வன்தட்டுகள் ஒரே நேரத்தில் தொடங்கினால் அதற்கு மட்டும் 190 வாட்டு தேவை. பின்னர் ஒவ்வொன்றும் 5 முதல் 8 வாட்டு வரையே எடுத்துக்கொள்ளும். மின்கட்டணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்: 60 வாட்டு எடுக்கும் வழங்கி இடைவிடாது ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 525 அலகு செலவாகும். சிறிய பழைய வன்தட்டுகள் ஆறினை ஓட்டுவதைவிடப் பெரியவை இரண்டினை ஓட்டுவது சில ஆண்டுகளில் மலிவாக முடிவதுண்டு.

வன்தட்டுகளை அடுக்கும் முறை

இரண்டு வன்தட்டுகள் மட்டும் இருப்பின் ஒன்றின் நகலாக மற்றொன்றை வைக்கும் ரெய்டு 1 போதுமானது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்டவை இருப்பின் ஒரு வன்தட்டு இழப்பைத் தாங்கும் ரெய்டு 5, இரண்டைத் தாங்கும் ரெய்டு 6 ஆகியவை கையாளப்படுகின்றன. இசட்.எஃப்.எஸ். முறைமையில் இவற்றுக்கு ஈடானவை ரெய்டு-இசட்1, ரெய்டு-இசட்2 எனப்படும். பயன்படுத்திய வன்தட்டுகளுக்கு இரண்டின் இழப்பைத் தாங்கும் அமைப்பே தகும். ஒரே விற்பனையாளரிடம் ஒரே தொகுதியாக வாங்கியவை ஒரே வயதுடையவை. அவை ஏறத்தாழ ஒரே காலத்தில் பழுதாகக்கூடும்.

இசட்.எஃப்.எஸ். ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகையைச் சேமித்து வைப்பதால், வன்தட்டு எப்பிழையும் அறிவிக்காமல் தவறான தரவைத் தந்தாலும் கண்டுபிடித்து, மாற்றுப் பிரதி இருப்பின் திருத்திவிடும். பழைய வன்தட்டுகளை நம்பியிருப்போருக்கு இதுவே அதன் பெருஞ்சிறப்பு. மாதம் ஒருமுறை முழுச் சரிபார்ப்பை ஓட்டுவது வழக்கம்.

பழுதுகளும் அவற்றைக் கண்டறிதலும்

புதிதாகப் பொருத்திய வன்தட்டு சுழலவே இல்லையெனில் அது செத்துவிட்டதாக முடிவு செய்யலாகாது. 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த சாட்டா 3.3 வரையறையின்படி, மின் இணைப்பின் மூன்றாவது ஊசியில் 3.3 வோல்ட்டு இருந்தால் வன்தட்டு அணைந்தே இருக்கும். தரவு மையங்களில் தொலைவிலிருந்து அணைத்து இயக்குவதற்கான ஏற்பாடு இது. பழைய மின்வழங்கிகள் அந்த ஊசியில் எப்போதும் 3.3 வோல்ட்டைத் தருவதால் வன்தட்டு விழிப்பதில்லை. வெப்பம் தாங்கும் காப்புப் பட்டையால் அவ்வூசியை மூடினால் சிக்கல் தீரும். நான்கு ஊசி மோலெக்ஸ் இணைப்பிலிருந்து மாற்றித் தரும் வடங்களும் பயன்படும். ஆனால் பிளாசுடிக்கு வார்த்து மூடப்பட்ட மலிவான மாற்று வடங்கள் உட்குறுக்குச் சுற்றால் தீப்பற்றுவதுண்டு என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பழுதானதாகக் கழிக்கப்படும் வன்தட்டுகளுள் சில, உண்மையில் வடத்தின் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவை. ஸ்மார்ட் பட்டியலின் 199 ஆம் எண் வன்தட்டுக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே ஏற்படும் பரிமாற்றப் பிழைகளைக் குறிக்கும். இது உயர்ந்தால் முதலில் தரவு வடத்தை மாற்ற வேண்டும். இவ்வெண் ஒருபோதும் சுழியத்துக்குத் திரும்பாது. மேலும் உயராமல் நின்றுவிட்டதா என்பதே கவனிக்கத்தக்கது.

சுமை மிகும்போது மட்டும் வன்தட்டுகள் மறைந்து மீண்டும் தோன்றினால் மின்வழங்கியையோ, ஒரே வடத்தில் பல வன்தட்டுகளைத் தொங்கவிட்டிருப்பதையோ ஐயுற வேண்டும். ஒரே கட்டுப்படுத்தி அட்டையில் உள்ளவை யாவும் ஒருசேர மறைந்தால் குற்றம் அட்டையுடையது. வழங்கிகளுக்கான அட்டைகள் வலுவான காற்றோட்டத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. வீட்டுக் கணினிப் பெட்டியில் சிறு விசிறி ஒன்றை அட்டையின்மீது பொருத்துவது பலனளிக்கும்.

மேசைக் கணினிக்கான வன்தட்டுகளில் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. படிக்க இயலாத செக்டரைச் சந்தித்தால் அவை ஒரு நிமிடத்துக்கும் மேலாக முயன்று கொண்டே இருக்கக்கூடும். லினக்சு 30 நொடிகளில் பொறுமை இழந்து இணைப்பை மீட்டமைக்கும். அதன் விளைவாக ஒரு செக்டர் பழுதுக்காக வன்தட்டு முழுவதுமே தொகுப்பிலிருந்து நீக்கப்படலாம். சேமிப்பு வழங்கிக்கான வன்தட்டுகள் 7 நொடிகளில் முயற்சியைக் கைவிடுமாறு அமைந்தவை. அமைப்பை மாற்ற இடந்தராத வன்தட்டுகளுக்கு லினக்சின் காத்திருப்பு நேரத்தை 180 நொடிகளாக உயர்த்துவது வழக்கம்.

மறுகட்டமைப்பு

பழுதான வன்தட்டை நீக்கி வேறொன்றைப் பொருத்தியதும், எஞ்சியவற்றிலிருந்து தரவு மீண்டும் உருவாக்கப்படும். 8 டெராபைட்டு வன்தட்டுக்கு இது நொடிக்கு 150 மெகாபைட்டு வேகத்தில் நடந்தாலும் ஏறத்தாழ 15 மணி நேரம் பிடிக்கும். எஞ்சிய வன்தட்டுகள் அனைத்தும் கடுமையாக உழைக்க நேர்வதும், ரெய்டு 5 அமைப்பில் எவ்விதப் பாதுகாப்பும் இல்லாதிருப்பதும் இதே நேரத்தில்தான். வீட்டு வன்தட்டுகளின் விவரக்குறிப்பில் 100 இலட்சம் கோடி பிட்டுகளுக்கு, அதாவது 12.5 டெராபைட்டுக்கு, ஒரு பிழைக்கு மேல் நேராது எனக் குறிக்கப்படுவதுண்டு. நடைமுறையில் பெரும்பாலானவை இதனினும் நன்றாகவே இயங்குகின்றன எனினும், பழையவற்றைப் பொறுத்தவரை அதனை நம்பியிருப்பது துணிகரமான செயல்.

பேரிழப்புகள் பல வன்தட்டால் அன்றி மனிதரின் அவசரத்தால் நேர்கின்றன. லினக்சு வன்தட்டுகளுக்கு இடும் பெயர் ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறக்கூடும். அதனை நம்பி நல்ல வன்தட்டைப் பிடுங்கிவிட்டால் தொகுப்பு முழுவதும் குலையும். ஒவ்வொரு வன்தட்டின் வரிசை எண்ணையும் எழுதி அதன் முகப்பில் ஒட்டி வைப்பது ஐந்து நிமிட வேலை. கூடுமானால், பழுதான வன்தட்டைக் கழற்றாமலே புதியதை அருகில் பொருத்தி மாற்றும் கட்டளையைத் தர வேண்டும். அரைகுறையாகப் படிக்க முடிகின்ற வன்தட்டும் அச்சமயத்தில் உதவும்.

தொகுப்பு திறக்கவே மறுக்கும் நிலையில் "புதிதாக உருவாக்கு", "வடிவமை" போன்ற கட்டளைகளைத் தருதல் கூடாது. எழுதுவதை முற்றிலும் நிறுத்தி, தளர்ந்த வன்தட்டுகளை டிடிரெஸ்கியூ போன்ற கருவியால் வேறு வன்தட்டுகளுக்கு முழு நகலெடுத்து, நகலின் மீதே மீட்பு முயற்சிகளைச் செய்ய வேண்டும். டிக்-டிக் என ஒலிக்கும் வன்தட்டை உடனே அணைத்துவிட வேண்டும். அதனைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்னும் பழைய கைவைத்தியத்தால் உள்ளே ஈரம் படிந்து, ஆய்வகத்தில் மீட்கக்கூடியதும் கெட்டுவிடும்.

காப்புப் பிரதி

ரெய்டு அமைப்பு காப்புப் பிரதி ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு எல்லா வன்தட்டுகளிலும் ஒரே நொடியில் அழியும். தீ, திருட்டு, மின்னல், பணயத் தீநிரல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்னும் 3-2-1 விதி பரவலாக அறியப்பட்டது. எல்லாவற்றுக்கும் இதனைச் செய்ய இயலாதோர் ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் மட்டுமாவது பிரித்தெடுத்து, வெளிப்புற வன்தட்டு ஒன்றில் நகலெடுத்து உறவினர் வீட்டில் வைக்கலாம். தொகுப்பில் சேர்க்கத் தகுதியற்ற சிறிய பழைய வன்தட்டுகளும் இதற்குப் பயன்படும். ஆண்டுக்கொரு முறையேனும் அந்நகலிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்த்து, அவை படிக்கக்கூடிய நிலையில் உள்ளனவா என்பதை உறுதி செய்து கொள்ள வேண்டும்.