‘மதராசி உணவு’ என்ற ஒற்றைப் பெயர்: மெக்கரிசன் வாசிப்பு குறித்து ஒரு மறுப்பு

குன்னூர் ஆய்வகத்தில் ராபர்ட் மெக்கரிசன் நடத்திய எலிச் சோதனையை அறியாத உணவு வரலாற்று மாணவர் இல்லை. சீக்கியர், பட்டாணியர், மராத்தியர், கூர்க்காக்கள், கன்னடர், வங்காளியர், மதராசி என ஏழு வகை உணவு. ஏழு எலிக் குழுக்கள். சீக்கிய உணவு தின்றவை நன்றாக வளர்ந்தன. மதராசி உணவு தின்றவை கடைசியில் நின்றன. 1936இல் லண்டனில் ஆற்றிய கேன்டர் சொற்பொழிவுகளிலும் இதை முன்வைத்தார். உடல்வலிமைக்குக் காரணம் இனமன்று, உணவே என்றது அவருடைய பெரிய பங்களிப்பு. ஆனால், ‘மதராசி உணவு’ என்று ஒன்று இருந்ததாக அவர் கொண்டதை ஏற்க இயலாது.

அந்த மதராசி உணவின் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். கழுவிய தீட்டிய அரிசி, பருப்பு, காய்கறி, மசாலா, எண்ணெய், சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்த்த காப்பி, சிறிது மோர், சிக்கனமாக நெய், தேங்காய், பாக்கு. இந்தக் காப்பிதான் என்னை நிறுத்துகிறது. அன்று காப்பி நடுத்தர வர்க்க வீட்டின் அடையாளம். கேழ்வரகுக் கூழும் கம்பஞ்சோறும் உண்டு வயலுக்குப் போனவர் இப்பட்டியலில் எங்கே? இது சென்னை மாகாணத்தின் உணவன்று, ஒரு வகுப்பாரின் உணவு என்றே கருதுகிறேன். காப்பி ஒன்றை மட்டும் வைத்து இதை முற்ற நிறுவிவிட முடியாதுதான். ஆனாலும் பட்டியலில் சிறுதானியமே இல்லை என்பது இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது.

இதைவிட வலுவான சான்று குன்னூரிலிருந்தே கிடைக்கிறது. 1935இல் மெக்கரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டின் காலத்து ஆய்வுகள், பெரிபெரி நோய் மாகாணம் முழுவதும் பரவியிருக்கவில்லை எனக் காட்டின. ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் கடலோர மாவட்டங்களில்தான் அது மிகுந்திருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது பெரிபெரியைத் தடுக்கும் தவிட்டுத் தயமின் அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் கணிசமான பங்கு தங்கிவிடுகிறது. ஒரே மாகாணம், ஒரே தானியம். நோயைப் பிரித்தது அரிசியைப் பக்குவப்படுத்திய முறையே. மெக்கரிசனும் தீட்டுதலைக் குறை சொன்னவர்தான். ஆனால் மக்கள் பெயரால் உணவை வகுத்ததால் இந்த உள்வேறுபாடு அவர் வரிசையில் மறைந்துபோயிற்று.

பெரிபெரி அன்றைய சுமை; இன்றைய சுமை நீரிழிவு. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் (ICMR–INDIAB) ஆய்வின்படி நீரிழிவு நாட்டளவில் 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4, பஞ்சாபில் 12.7. எலிச் சோதனையில் இரு துருவங்களாக நின்ற உணவுகளின் மண்ணில் இன்று இடைவெளி இவ்வளவுதான். சென்னையில் நடந்த கியூர்ஸ் ஆய்வு, தீட்டிய தானியம் மிகுதியாக உண்போரிடம் நீரிழிவு கூடுதலாக இருப்பதைக் கண்டது. பெரிபெரியிலிருந்து காத்த புழுங்கலுக்கும் இங்கே முழு விலக்கில்லை: தவிடு போனால் நார்ச்சத்தும் போய்விடுகிறது.

உரலும் உலக்கையும் ஆலைக்கு வழிவிட்டதை ஓர் ஆண்டில் குறிக்க முடியாது. அது ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபட்டது. ஆகவே நீரிழிவின் வளர்ச்சியை ஆலையின் வரவோடு நேர்க்கோட்டில் இணைக்க நான் துணியவில்லை. உழைப்புக் குறைவும் சர்க்கரையும் உடன் வந்தவை. ஆயினும் உணவுக் கணக்கெடுப்பில் ‘அரிசியா, கோதுமையா’ என்பதோடு நிறுத்தக் கூடாது. பச்சையா புழுங்கலா, எவ்வளவு தீட்டியது என்றும் கேட்டாக வேண்டும். வட சர்க்காரின் பெரிபெரி நோயாளிகளை ‘மதராசி’ என்ற சொல் மறைத்தது. ‘அரிசி’ என்ற சொல்லும் இன்று அப்படி மறைத்துவிடக் கூடாது.