முதியோர் இல்லங்களில் பணிபுரிவது யார்? இங்கிலாந்தின் சோதனை முறை சொல்லும் நூறாண்டுப் பாடம்

முதியோர் இல்லம் ஒன்றின் தரத்தை எதை வைத்து மதிப்பிடுவது? கட்டடத்தின் அழகை வைத்தா, உணவுப் பட்டியலை வைத்தா? அல்லது நள்ளிரவில் ஒரு முதியவர் அழைப்பு மணியை அழுத்தும்போது எழுந்து வர ஆள் இருக்கிறாரா, அப்படி வருபவர் நம்பத்தக்கவர்தானா என்பதை வைத்தா?

கடைசிக் கேள்விதான் முதன்மையானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் ஓர் அரசாங்கம் அதைச் சட்டமாக எழுதி, அதிகாரிகளை அனுப்பிச் சோதித்து, தவறு கண்டால் தண்டிப்பது எளிதன்று. இங்கிலாந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக இதில் முயன்று வருகிறது. அதன் வெற்றிகளும் சறுக்கல்களும், மூப்படைந்து வரும் எல்லாச் சமூகங்களுக்கும் பாடமாக அமைகின்றன.

1927: முதல் சட்டம்

முதலாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் தனியார் தாதிமை இல்லங்கள் பெருகின. வீட்டில் இரண்டு அறை காலியாக இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் கட்டில் போட்டு நோயாளிகளையும் முதியவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் பயிற்சி பெற்ற தாதியருக்குப் பதிவேடு வந்துவிட்டது. ஆனால் அவர்கள் வேலை செய்யும் இல்லங்களுக்குப் பதிவு இல்லை. தாதியர் கல்லூரி இதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது. அதன் பயனாக 1927ஆம் ஆண்டு தாதிமை இல்லப் பதிவுச் சட்டம் பிறந்தது.

அந்தச் சட்டம் வெறும் கட்டடத்தைப் பற்றிப் பேசவில்லை. உரிமையாளரோ அவரிடம் வேலை செய்பவரோ அந்தப் பணிக்குத் தகுதியற்றவர் என்றால் பதிவை மறுக்கலாம். தகுதி பெற்ற தாதியர் போதிய அளவில் இல்லை என்றாலும் மறுக்கலாம். யாரை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள், எத்தனை பேரை வைத்திருக்கிறீர்கள் என்ற இரு கேள்விகளும் முதல் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டன. அடுத்த நூறாண்டு வரலாறு, இந்த இரு கேள்விகளுக்கும் சரியான பதிலைப் பெறுவதற்கான போராட்டமே.

டவுன்செண்ட் கண்ட காட்சி

1948ஆம் ஆண்டு தேசிய உதவிச் சட்டம் ஏழை விடுதிகளின் காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வயதானவர்களுக்கு நகராட்சிகளும் மாவட்ட மன்றங்களும் இல்லம் நடத்த வேண்டும், அங்கே அவர்கள் பிச்சைக்காரர்களாக அல்லாமல் விருந்தினராக வாழ வேண்டும் என்பது அன்றைய சுகாதார அமைச்சர் அனைரின் பெவனின் கனவு. தனியார் முதியோர் இல்லங்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது அதே சட்டம்.

பத்தாண்டுகள் கழித்து, பீட்டர் டவுன்செண்ட் என்ற சமூகவியலாளர் இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 இல்லங்களுக்கு நேரில் சென்றார். ஓர் இல்லத்தில் முதியவர்களைக் குளிப்பாட்டும் உதவியாளராகவும் வேலை பார்த்தார். அவரது ஆய்வு 1962ஆம் ஆண்டு நூலாக வெளிவந்து நாட்டையே உலுக்கியது. ஏழை விடுதிகள் பெயர் மாறியிருந்தன, ஆனால் கட்டடமும் பழக்கவழக்கமும் மாறவில்லை. பெரிய கூடங்களில் வரிசை வரிசையாகக் கட்டில்கள். தனிமை என்பதே கிடையாது. ஊழியர்களில் பலர் பழைய விடுதிகளிலிருந்து அப்படியே தொடர்ந்தவர்கள். ஒருவரை ஒரு பணிக்கு நியமிக்கும்போது பயிற்சியும் மனப்பாங்கும் பார்க்கப்படாவிட்டால், சட்டப் புத்தகத்தில் உள்ள நல்லெண்ணம் படுக்கை அறை வரை போய்ச் சேராது என்பதை அந்த ஆய்வு உணர்த்தியது.

பணம் பாய்ந்த காலம்

1980களில் நிலைமை வேறு திசையில் திரும்பியது. தனியார் இல்லங்களில் சேரும் வசதியற்ற முதியவர்களின் கட்டணத்தைச் சமூகப் பாதுகாப்புத் துறை கொடுக்கத் தொடங்கியது. 1979ஆம் ஆண்டு சுமார் 10 மில்லியன் பவுண்டாக இருந்த இந்தச் செலவு, 1990களின் தொடக்கத்தில் 2,000 மில்லியன் பவுண்டைத் தாண்டியது. ஊருக்கு ஊர் பழைய ஹோட்டல்களும் பெரிய வீடுகளும் முதியோர் இல்லங்களாக மாறின.

இந்த வேகத்தைக் கட்டுக்குள் வைக்க 1984ஆம் ஆண்டு பதிவு பெற்ற இல்லங்கள் சட்டம் வந்தது. ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை சோதனை என்ற விதி ஏற்பட்டது. தாதிமை இல்லங்களைப் பொறுத்தவரை மாவட்டச் சுகாதார ஆணையங்களுக்கு ஒரு வலுவான அதிகாரம் இருந்தது. எந்தத் தகுதியுள்ள தாதியர் எத்தனை பேர் பணியில் இருக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் இல்லத்துக்கும் எண்ணிக்கையோடு அறிவிப்பாக எழுதிக் கொடுத்தார்கள். சோதனை அதிகாரி வந்தால் பணிநேரப் பட்டியலை எடுத்து, அறிவிப்பில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. உள்ளூர் மன்றங்கள் நடத்திய இல்லங்களுக்குப் பதிவு தேவைப்படவில்லை. தனியாரைச் சோதித்த மன்றங்களே தம் சொந்த இல்லங்களையும் பார்த்துக்கொண்டன. வேலியே பயிரைக் காவல் காக்கும், வேலியை யார் காப்பது என்ற கேள்வி எழுந்தது.

இரண்டு நற்சான்றும் குற்றப் பதிவும்

இதற்கு விடையாக வந்ததே 2000ஆம் ஆண்டு பராமரிப்புத் தரநிலைச் சட்டம். தனியார் இல்லமானாலும் மன்றத்தின் இல்லமானாலும் ஒரே தேசிய ஆணையம், ஒரே அளவுகோல். முதியோர் இல்லங்களுக்கு 38 தரநிலைகள் வகுக்கப்பட்டன. வேலைக்கு ஆள் எடுப்பதற்கென்றே ஒரு தரநிலை ஒதுக்கப்பட்டது. நியமனத்துக்கு முன் எழுத்து வடிவில் இரண்டு நற்சான்றுகள் வேண்டும். வேலை வரலாற்றில் இடைவெளி இருந்தால் அதற்குக் காரணம் கேட்க வேண்டும். குற்றப் பதிவைச் சோதிக்க வேண்டும். பராமரிப்பாளர்களில் பாதிப்பேர் 2005ஆம் ஆண்டுக்குள் அடிப்படைத் தொழில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு முதல், முதியவர்களுக்குத் தீங்கு செய்து விலக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றும் நடைமுறைக்கு வந்தது. ஓர் இல்லத்தில் விலக்கப்பட்டவர் அடுத்த ஊரில் புதிய முகத்தோடு வேலைக்குச் சேர்வதைத் தடுப்பதே அதன் நோக்கம்.

வேலை இடைவெளியைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? சிறையில் இருந்த காலத்தையோ, புகாரால் வேலை இழந்த இடத்தையோ விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டுவிடுவது சுலபம். எழுதப்படாத அந்த எட்டு மாதங்களைப் பற்றிக் கேட்கும் ஒரு கேள்வி, பல நேரங்களில் குற்றப் பதிவுச் சோதனையைவிடக் கூடுதலாகச் சொல்லிவிடும்.

இந்தச் சீர்திருத்தத்தில் ஒன்று கிடைத்தபோது இன்னொன்று கைநழுவியது. ஆட்களை எடுக்கும் முறை இறுகியது, ஆனால் ஆட்களின் எண்ணிக்கை தளர்ந்தது. இல்லத்துக்கு இத்தனை தாதியர் என்ற பழைய அறிவிப்பு மறைந்து, முதியவர்களின் தேவைக்கேற்பப் போதிய ஊழியர்கள் என்ற சொல் வந்தது. ஒருவருக்குப் போதியது மற்றவருக்குப் போதாததாக இருக்கலாம். அதை நிரூபிக்கும் சுமை சோதனை அதிகாரியின் தோளில் விழுந்தது.

ஆணையங்களும் அடிக்கடி மாறின. 2002ஆம் ஆண்டு ஏப்ரலில் வேலையைத் தொடங்கிய தேசிய ஆணையம், அதே மாதத்திலேயே கலைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2004இல் ஒன்று, 2009இல் இன்னொன்று. கடைசியாக வந்த பராமரிப்புத் தர ஆணையம் மருத்துவமனைகளையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியதாயிற்று. வேலை பெருகியது, சோதனை குறைந்தது. 2009-10ஆம் ஆண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால், 2010-11ஆம் ஆண்டின் அதே காலத்தில் சோதனைகள் 70 விழுக்காடு குறைந்ததை நாடாளுமன்றச் சுகாதாரக் குழு சுட்டிக்காட்டியது.

ஐந்து நட்சத்திரத் தோற்றம்

அந்தக் காலகட்டத்தின் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு, வெஸ்ட் சசெக்ஸ் மாவட்டத்தில் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஆர்க்கிட் வியூ இல்லம். பார்ப்பதற்கு ஐந்து நட்சத்திர ஹோட்டல் போல் இருந்தது. ஆணையம் 2010இல் அதற்கு 'நன்று' என்ற மதிப்பீட்டையும் அளித்தது. ஆனால் உள்ளே ஊழியர் பற்றாக்குறை, தவறான மருந்துகள், கவனிப்பாரற்ற அழைப்பு மணிகள். அங்கே வேலை செய்த ஒருவர் துணிந்து முறையிட்ட பிறகே உண்மை வெளிவந்தது. 2011இல் இல்லம் மூடப்பட்டது. 19 முதியவர்களின் மரணங்களை ஆராய்ந்த மரண விசாரணை அதிகாரி, ஐவரின் மரணத்தில் கவனக்குறைவுக்குப் பங்கு இருந்தது என்று 2013இல் தீர்ப்பளித்தார்.

அந்த இல்லத்தை நடத்திய சதர்ன் கிராஸ் நிறுவனமும் 2011இல் நொடித்துப்போனது. சுமார் 31,000 முதியவர்கள் அதன் இல்லங்களில் இருந்தார்கள். கட்டடங்களை விற்று மீண்டும் வாடகைக்கு எடுத்து நடத்தியதால், ஏறும் வாடகையைச் சமாளிக்க முடியாமல் போனதே அதன் வீழ்ச்சிக்கு முக்கியக் காரணம். நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தையும் யாராவது பார்க்க வேண்டும் என்ற பாடம் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தில் இடம்பெற்றது.

ஆணையமும் தன்னைத் திருத்திக்கொண்டது. 2013இல் முதியோர் பராமரிப்புக்கான முதல் தலைமைச் சோதனை அதிகாரியாக ஆண்ட்ரியா சட்கிளிஃப் பொறுப்பேற்றார். சோதனைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார் அவர். 'என் தாயை இங்கே விட எனக்கு மனம் வருமா?' என்பதே அது. 2014ஆம் ஆண்டு விதிமுறைகளில் 18ஆம் விதி போதிய ஊழியர்களையும், 19ஆம் விதி தகுதியான நியமனத்தையும் வலியுறுத்தின. 'மிகச் சிறப்பு' முதல் 'போதாது' வரை நான்கு நிலைகளில் மதிப்பெண்கள் வெளியிடப்பட்டன.

கடல் கடந்து வந்தவர்கள்

கொவிட்-19 கிருமித்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில் வழக்கமான சோதனைகள் நிறுத்தப்பட்டன. ஊழியர்கள் பலர் வேலையை விட்டுப் போனார்கள். 2021-22இல் இங்கிலாந்தின் பராமரிப்புத் துறையில் சுமார் 165,000 இடங்கள் காலியாக இருந்தன. எனவே 2022 பிப்ரவரியில் பராமரிப்பாளர்களுக்கான விசா கதவு திறக்கப்பட்டது. இந்தியா, நைஜீரியா, ஸிம்பாப்வே நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போனார்கள். நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் முகவர்களுக்குப் பணம் கட்டியவர்கள் அவர்களில் உண்டு. போய்ச் சேர்ந்த பிறகு வேலையே இல்லை என்று அறிந்து தவித்தவர்களும் உண்டு.

இங்கேதான் சோதனை முறையின் இன்னோர் ஓட்டை தெரிந்தது. விசாவுக்கான ஆதரவுச் சான்றிதழை உள்துறை அமைச்சு வழங்கியது, இல்லத்தைச் சோதிப்பதோ வேறோர் ஆணையம். இரண்டுக்கும் நடுவே தகவல் ஓடவில்லை. குடிநுழைவுக்கான சுயேச்சைத் தலைமைச் சோதனை அதிகாரியின் அறிக்கை 2024 மார்ச்சில் வெளியானபோது பலரும் அதிர்ந்தனர். இல்லாத ஒரு பராமரிப்பு இல்லத்தின் பெயரில் 275 சான்றிதழ்கள் தரப்பட்டிருந்தன. உரிமம் பெறும்போது நான்கு ஊழியர் மட்டுமே இருப்பதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு 1,234 சான்றிதழ்கள் போயிருந்தன.

2024 மார்ச் முதல், இங்கிலாந்தில் ஆணையத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களே வெளிநாட்டுப் பராமரிப்பாளர்களுக்கு ஆதரவு தரலாம் என்று விதிக்கப்பட்டது. குடும்பத்தை அழைத்துச் செல்லும் உரிமையும் அப்போதே நிறுத்தப்பட்டது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுக்கும் வழியே அடைக்கப்பட்டது. தவறு செய்தவர்கள் முகவர்களும் போலி நிறுவனங்களும். விலை கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். அச்சத்தோடும் கடனோடும் வேலை செய்பவர், கண்ணெதிரே நடக்கும் அநீதியைப் பற்றி வாய் திறக்க மாட்டார். ஊழியரைச் சுரண்டும் இல்லம் முதியவரையும் காக்காது.

இதற்கிடையே ஆணையத்தையே ஆராய்ந்த மருத்துவர் பென்னி டாஷின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, அதன் பொறுப்பிலுள்ள சேவைகளில் ஐந்தில் ஒன்று ஒருமுறைகூட மதிப்பிடப்படவில்லை என்று கூறியது. ஆஸ்திரேலியா வேறு வழியில் சென்றது. 2024 அக்டோபர் முதல், இல்லவாசி ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு என்று எண்ணிக்கையாகவே விதித்தது.

நமக்கும் பொருந்தும் பாடம்

மலேசியாவில் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டமும், 2018ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புச் சட்டமும் உள்ளன. சிங்கப்பூரில் மேம்படுத்தப்பட்ட தாதிமை இல்லத் தரநிலைகள் 2015இல் நடப்புக்கு வந்தன. சிங்கப்பூர்த் தாதிமை இல்லங்களில் பராமரிப்பாளர்களில் பெரும்பாலோர் இந்தியா, இலங்கை, மியன்மார், பிலிப்பீன்ஸ் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆகவே இங்கிலாந்தின் அனுபவம் தொலைதூரக் கதையன்று.

சட்டமும் சோதனையும் தேவைதான். ஆனால் அதிகாரி ஆண்டுக்கு ஓரிரு முறை வருவார். குடும்பத்தினர் வாரந்தோறும் வரலாம். பெற்றோரை ஓர் இல்லத்தில் சேர்க்கும் முன் சில கேள்விகளைக் கேட்பதில் தவறில்லை. இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள்? அவர்களில் பதிவு பெற்ற தாதி உண்டா? புதிய ஊழியரை எடுக்கும்போது பழைய முதலாளியிடம் விசாரிக்கிறீர்களா? ஓராண்டில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள்? முதியவரின் மொழியில் பேசத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா? தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு மூதாட்டிக்கு, வலிக்கும் இடத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் போனால், நல்ல கட்டிலும் குளிர்சாதனமும் என்ன பயன்?

இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் இல்லம், சோதனை அதிகாரி எந்த நாளில் வந்தாலும் அஞ்சாது. பதில் சொல்லத் தயங்கும் இல்லத்தில் வாசலில் எத்தனை பூந்தொட்டிகள் இருந்தாலும், குடும்பத்தினர் இன்னொரு முறை யோசிப்பதே நல்லது.